தேயிலை மலையில் ஒரு பவளத் தொட்டி

பகாங் மாநில வரைபடத்தை விரித்து வையுங்கள். வடமேற்கு மூலையில், பேராக் எல்லையை ஒட்டி, நம் கேமரன் மலை. தென்கிழக்கே கரையைத் தாண்டிக் கடலுக்குள் போனால் தியோமான் தீவு. இரண்டும் ஒரே மாநிலம்தான். இங்கே தேயிலைச் செடிகளின் மேல் பனிமூட்டம். அங்கே வெதுவெதுப்பான நீருக்கடியில் பவளப்பாறை, அங்குள்ள கடல் சாமந்திகளின் நடுவே வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்.

மலையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அங்கிள், நீமோ மீன எங்க வீட்டுல வளர்க்க முடியுமா? குளிருல செத்துப் போயிடாதா?"

வளர்க்கலாம். குளிரை ஒரு ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். அவள் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்விதான் பெரியது: மலையில் மீனுக்கு மூச்சு விடக் காற்று போதுமா? கடைக்குப் போனதும் மீன் தொட்டிகள் பக்கம் ஓடாதீர்கள், முதலில் ஃபில்டர் இருக்கும் அலமாரிக்குப் போங்கள் என்று நான் சொல்வதே அதனால்தான்.

முதலில் குளிரைச் சட்டென்று முடித்துவிடுவோம். இரண்டடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 36 செ.மீ. பெருக்கினால் 65 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. விளிம்புவரை நிரப்பமாட்டோம் அல்லவா, 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பவளக்கடல் மீன்களுக்கு 25 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கே விடியற்காலையில் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த 10 டிகிரியை ஏற்ற 150 வாட் ஹீட்டருக்கு, சூடு வெளியே கசியவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நாலரை மணி நேரம் ஆகும். ஒரே 150 வாட் ஹீட்டருக்குப் பதில் 75 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டால் அதன் ஒற்றைச் சூட்டில் மீன் வெந்துபோகாது. ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் மற்றது கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும். கீழே ஈப்போவில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து, ஹீட்டரைவிடப் பல மடங்கு விலையுள்ள குளிர்விக்கும் கருவியை வாங்குகிறார்கள். அந்தச் செலவு நமக்கு இல்லை.

இனி காற்று. தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் தானாக உருவாகி நிற்பதில்லை. மேலே உள்ள காற்று அழுத்தி அழுத்தித்தான் உள்ளே போகிறது. அழுத்தம் குறைந்தால் உள்ளே போவதும் குறையும். நம் மலையில் உள்ள தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். கடற்கரையில் இருப்பதைவிட இங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. இதோடு இன்னொரு குறை: உப்பு கலந்த நீர், நல்ல நீரைவிடக் குறைவான ஆக்ஸிஜனையே ஏற்கும். 25 டிகிரியில், கடற்கரையில், ஒரு லிட்டர் நல்ல நீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். அதே இடத்தில் கடல்நீர் 6.7 மில்லிகிராம். அந்தக் கடல்நீரை மலைக்குத் தூக்கி வந்தால் 5.6 அளவில்தான் நிற்கும்.

இது மீன் திணறிச் சாகும் அளவு இல்லை. ஆனால் கையிருப்பு குறைவு. பகலில் விளக்கொளியில் பாசியும், பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகளும் ஆக்ஸிஜனை வெளிவிடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நாளின் மிக மோசமான நேரம் விடிவதற்குச் சற்று முன்பு. அந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டால்? பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அலமாரிக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை.

இன்னொன்று. குளிருக்காக இரவு முழுவதும் சன்னல்களை இறுக மூடிவிடுகிறோம். வீட்டில் ஆறு பேர் படுத்திருந்தால் ஆறு பேரும் விடும் கரியமில வாயு அறைக்குள்ளேயே தங்கும். அது தொட்டி நீரிலும் கரையும், நீரின் காரத்தன்மையைக் குறைக்கும். கடல்நீரின் பி.எச். 8.1க்கும் 8.4க்கும் இடையில் இருக்க வேண்டும். காலையில் 7.8 காட்டினால் மருந்து ஊற்ற ஓடாதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டு, மத்தியானம் மறுபடி அளந்து பாருங்கள்.

சரி, ஃபில்டர் என்ன செய்கிறது? அழுக்கை வடிகட்டுகிறது என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கை எடுப்பது அதன் சின்ன வேலை. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். தண்ணீர் பளிங்காகத் தெரியும், ஆனால் விஷமாக இருக்கும். அதிலும் கடல்நீர் காரத்தன்மை உடையதால், அம்மோனியாவில் நச்சான பங்கு பி.எச். 7 உள்ள நல்ல நீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தங்கமீன் தொட்டியில் தப்பித்துக்கொள்ளும் கவனக்குறைவு இங்கே தப்பாது.

இந்த அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் வீடு வேண்டும். ஓடும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் வேண்டும். அந்த வீட்டுக்குப் பெயர்தான் ஃபில்டர். ஆக்ஸிஜனுக்கு மீனோடு இந்தப் பாக்டீரியாக்களும் போட்டி போடுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் இந்தக் கணக்கு முக்கியம்.

அந்த வீட்டை எதனால் கட்டுவது? 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், அமெரிக்காவில் வெளிவந்த மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் கடல் மீன் தொட்டி என்றாலே கற்களை அடிக்கடி தேய்த்துக் கழுவி, எதையும் வளரவிடாமல் வைத்திருப்பது வழக்கம். லீ அதற்கு நேர்மாறாகச் செய்தார். கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை, அவற்றில் ஒட்டியிருந்த புழு, பாசி, கடற்பஞ்சு எல்லாவற்றோடும் தொட்டியில் வைத்தார். கூடவே கொஞ்சம் காற்றுக் குமிழி. அவ்வளவுதான் ஃபில்டர். அவருடைய பவளங்கள் வளர்ந்தன. இன்று உலகமெங்கும் பவளத் தொட்டி வைப்பவர்கள் 'லைவ் ராக்' என்று சொல்லும் உயிர்ப்பாறை முறைக்கு அதுவே முன்னோடி. நம் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் கண்ட வழி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பாறையின் சூட்சுமம் அதன் துளைகளில் இருக்கிறது. வெளிப்பக்கம் ஆக்ஸிஜன் உண்டு. அங்கே அம்மோனியா தின்னும் கூட்டம். துளைகளின் ஆழத்துக்குள் ஆக்ஸிஜன் எட்டாது. அங்கே வேறொரு பாக்டீரியா, நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

மலையிலிருந்து ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கும்போது இருபுறமும் வெள்ளை வெளேரென்று செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் உயிர்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் அவற்றுக்குள் இருக்கின்றன. "அப்படியானால் அங்கிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து தொட்டியில் போடலாமே, அங்கிள்?" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து அதில் பெரும்பகுதி பளிங்குக்கல் ஆகிவிட்டது. ஈப்போ பளிங்கு என்று வீட்டுத் தரையில் பதிக்கிறார்களே, அதே கல். வழவழவென்று இருக்கும், துளைகள் கிடையாது. பாக்டீரியாவுக்கு வாசல் திண்ணை மட்டும் கிடைக்கும், உள்ளறை கிடைக்காது.

தியோமானிலிருந்து எடுத்து வரலாமா? அதுவும் கூடாது. 1994 முதல் தியோமானைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. கரையிலிருந்து இரண்டு கடல் மைல், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் தூரம்வரை பவளத்தையோ மீனையோ எடுப்பது குற்றம். தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்காக ஏற்றிப் போனார்கள். 2001 முதல் இந்தியச் சட்டப்படி கல்பவளங்களை எடுப்பது குற்றம். கடையில் துளைகள் நிறைந்த உலர்ந்த பாறை கிடைக்கும். அதில் பாக்டீரியா குடியேற நாள் பிடிக்கும். பரவாயில்லை.

கருவி ஃபில்டர்களில் மூன்று வகை உங்கள் கண்ணில் படும். தொட்டியின் முதுகில் தொங்குவது. தொட்டிக்குக் கீழே மூடிய உருளையாக நிற்பது. நுரை எடுக்கும் ஸ்கிம்மர். மூடிய உருளை சத்தமில்லாமல் வேலை செய்யும், நிறைய இடம் கொடுக்கும், கடைக்காரர் அதைத்தான் புகழ்வார். ஆனால் தண்ணீர் குழாய் வழியே போய்க் குழாய் வழியே வருகிறது; வழியில் காற்றைத் தொடுவதில்லை. உள்ளே இருக்கும் பாக்டீரியா ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். மலைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. முதுகில் தொங்கும் வகையில் தண்ணீர் ஓர் உதட்டின் வழியாகத் தொட்டிக்குள் விழுகிறது, விழும்போது மேற்பரப்பைக் கலக்குகிறது. அதுவே நமக்கு ஏற்றது. அதற்குள் இருக்கும் பஞ்சை வாரம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த உப்பு நீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

ஸ்கிம்மர் வேடிக்கையான கருவி. மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றும்போது மேலே நுரை திரண்டு நிற்கிறதே, பாலில் உள்ள புரதம் காற்றுக் குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொள்வதால்தான் அது உடையாமல் நிற்கிறது. ஸ்கிம்மருக்குள்ளும் அதே கதை. லட்சக்கணக்கான நுண்ணிய குமிழிகள் உயரமான குழாயில் ஏறும். மீன் கழிவிலும் தீனியிலும் உள்ள புரதங்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து ஒரு கிண்ணத்தில் வழியும். காலையில் கிண்ணத்தைத் திறந்தால் கரும்பழுப்பு நீர், குமட்டும் நாற்றம். அது அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட அழுக்கு. நல்ல நீரில் குமிழிகள் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடும். உப்பு நீரில்தான் இவ்வளவு நுண்ணியதாக நிற்கும். ஆகவே ஆற்று மீன் தொட்டிக்கு இந்தக் கருவி உதவாது. 60 லிட்டர் தொட்டிக்கு ஸ்கிம்மர் கட்டாயமில்லை, வாரம் 6 லிட்டர் நீர் மாற்றினால் போதும் என்பார்கள். கடற்கரையில் நானும் அப்படித்தான் சொல்வேன். மலையில் வாங்கச் சொல்வேன்: அழுக்கை எடுப்பதோடு, நாள் முழுவதும் தண்ணீருக்குள் காற்றையும் கலந்துகொண்டே இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஓடைநீர் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும், மேலே காய்கறித் தோட்டம் இருந்தால் மழை அங்குள்ள உரத்தையும் கழுவிக்கொண்டு வரும். தொட்டிக்குள் பாசி கட்டுக்கடங்காமல் வளரும். நுண்சவ்வு வடிகட்டியில் இறங்கிய நீரே வேண்டும். குடிநீர்க் கடைகளில் கிடைக்கும். அடுத்தது செம்பு. தேயிலையில் கொப்புள நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து அடிப்பதுண்டு. மருந்து கலக்கிய வாளியை எத்தனை தடவை கழுவினாலும் உப்பு நீர் கலக்க எடுக்காதீர்கள். மீன் தாங்கும் சின்ன அளவுச் செம்பே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். புது வாளி ஒன்று வாங்கி, அதன்மேல் 'மீன்' என்று எழுதிவையுங்கள்.

உப்பு, சமையல் உப்பு அல்ல. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு லிட்டரிலும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருப்பதால்தான் பவளத்தால் தன் எலும்புக்கூட்டைக் கட்ட முடிகிறது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையை வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற அளவுக்குக் கரைத்து, அடர்த்தி அளக்கும் குழாயில் 1.025 காட்டுகிறதா என்று பாருங்கள்.

பாறை வைத்தாயிற்று, நீர் ஊற்றியாயிற்று, ஃபில்டர் ஓடுகிறது. இப்போது மீன் வாங்கலாமா? இல்லை. நாலு முதல் ஆறு வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துளித் தீனி போட்டு அழுகவிடுங்கள். சோதனைக் குப்பியில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். நைட்ரைட் ஏறும், பிறகு இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் மிஞ்சினால் பாக்டீரியா குடும்பம் நிலைபெற்றுவிட்டது என்று பொருள். வாரத்துக்கு இரண்டு முறை அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வையுங்கள். இரண்டு மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவது தெரியும். மீனைவிட எனக்கு அந்தத் தாள்தான் பிடிக்கும், ஆனால் உங்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போது மீன். அறுபது லிட்டருக்கு மூன்று சிறிய மீன்கள், அதற்கு மேல் வேண்டாம். 'ஃபைண்டிங் டோரி' பார்த்துவிட்டு நீல மீன் கேட்பீர்கள். அது 30 செ.மீ. வரை வளரும், உங்கள் தொட்டியின் நீளமே 60 செ.மீ. மயில் நிறத்தில் மயக்கும் மாண்டரின் மீன் நாள் முழுக்கப் பாறையில் நுண்ணிய உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டியது. சின்னத் தொட்டியில் இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் பட்டினி கிடக்கும். மலிவாகக் கிடைக்கும் நீல டாம்செல் மற்ற மீன்களைக் கடித்து விரட்டும்.

நீமோ, அதாவது கோமாளி மீன், சரி. இரண்டு வாங்குங்கள், ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் துணை ஆணாகும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் நீமோவின் அம்மா இறந்துவிட, பிறகு காணாமல் போன நீமோவை அப்பா தேடிப் போகிறாரே, உண்மைக் கடலில் அவர் அம்மாவாகியிருப்பார்! ஒரே அளவில் இரண்டு வாங்கினால் யார் பெரியவர் என்று சண்டை நடக்கும்.

கடலில் பிடித்ததை வாங்காமல், பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில், 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே கோமாளி மீன்களைத் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்கிறார்கள். முட்டைகள் முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாள் ஆக ஆக உள்ளே வெள்ளிக் கண்கள் தெரியும். அப்பா மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் இருக்கும். ஒரு வாரம் கழித்து, இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவரும். அவற்றின் வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிய தீனி ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். அதைத் தனியாக வளர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இப்படித் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு, கடலில் அதன் இனம் குடியிருக்கும் கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் கவலை இல்லை. நீங்களும் அதை வாங்காதீர்கள். அது நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கிக் கூழாகி, மொத்தத் தொட்டியையும் கெடுத்துவிடும்.

மூன்றாவதாக மஞ்சள் கோபி ஒன்று, அதோடு ஒரு பிஸ்டல் இறால். இறாலுக்குக் கண்பார்வை மட்டம், மண் தோண்டுவதில் கெட்டிக்காரன். கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. இறால் வளை தோண்டும். கோபி வாசலில் காவல். மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை ஒன்றைக் கோபியின் உடம்பில் வைத்தே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு துடி துடிக்கும், இரண்டும் வளைக்குள்! இதைப் பார்க்க வேண்டுமானால் அடியில் மணலோடு பொடிச் சிப்பித் துண்டுகளும் போட்டிருக்க வேண்டும். வெறும் மணலில் வளை இடிந்துவிடும். பாறைகளை மணலின்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே ஊன்றி வையுங்கள், இறால் அடியில் தோண்டிப் பாறை சரிந்து விழாமல் இருக்க.

முதலில் கோபியும் இறாலும், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கோமாளிகள். கோமாளிகளை முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தங்களுடையது என்று நினைத்துக்கொள்ளும்.

கோபி பயந்தால் துள்ளி வெளியே குதிக்கும். மூடி தேவை. குளிருக்குக் கண்ணாடி மூடி நல்லதுதானே என்று தோன்றும். அது காற்றுப் பரிமாற்றத்தையும் தடுக்கும். வலை மூடி போடுங்கள், மின்கட்டணம் கொஞ்சம் கூடினாலும் சரி. வலை போட்டால் தண்ணீர் ஆவியாவதும் கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நிற்கும். எனவே குறைந்த அளவுக்கு உப்பு நீரை ஊற்றாமல், நல்ல நீரை ஊற்றி ஈடுசெய்ய வேண்டும். 60 லிட்டரில் 2,100 கிராம் உப்பு இருந்தது. ஒரு வாரம் மறந்துவிட்டீர்கள், 6 லிட்டர் ஆவியாகிவிட்டது. இப்போது லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு? வகுத்துப் பாருங்கள், 39-ஐ நெருங்கும். கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு டேப் ஒட்டிவிட்டு, தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அந்தக் கோடுவரை ஊற்றினால் இந்தக் கணக்கே வராது.